இரண்டாவது பார்வை

நான்கு வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தது.
போகும்போது காதுகளையும் கூட்டிக்கொண்டு போனது.
அதைப் பற்றி அவ்வளவுதான்.
சொல்ல வந்தது மிஸ்டர் ஓல்ட்ராய்டைப் பற்றி.

ஹல் நகரம், எழுபத்து நான்கு.
ஹெஸில் ரோட்டு மீன் கொட்டகையில் முள்ளெடுக்கும் வேலை.
வியாழன் எட்டரைக்குள்
எலுமிச்சைத் தோலால் மூன்று முறை கைகழுவி
வாடகை டிவியின் முன் உட்கார்ந்துவிடுவேன்.
பக்கத்தில் கிளைவ்,
மடியில் வினிகர் ஊறிய சிப்ஸ் பொட்டலம்.

பஸ் கம்பெனியின் தொலைந்த பொருள் அலுவலகம்.
ஒரு மேசை, ஒரு மணி, அலமாரி முழுக்கக் குடைகள்.
மேசைக்குப் பின்னால் ஓல்ட்ராய்டாக லயனல் பர்ச்சல்:
நெடிய உடம்பு, ஒரு சுற்றுச் சிறிய கோட்டு,
தலை மட்டும்
வேறு யாரோ பஸ்ஸில் விட்டுப்போனது.

ஒருத்தி வருகிறாள். கைகளை விரித்துக் குடை என்கிறாள்.
அவர் அவளைப் பார்க்கிறார்.
அலமாரியைப் பார்க்கிறார்: இருநூறு கறுப்புக் குடைகள்.
மறுபடி அவளைப் பார்க்கிறார்.

அந்த இரண்டாவது பார்வை இருக்கிறதே,
உப்புப் போடும் கை நிற்கிற இடம் அது.
ஒரு சிட்டிகை கூடினால் கோமாளி,
குறைந்தால் குமாஸ்தா.

நான் அங்கேயே சிரித்துவிடுவேன்.
கிளைவ் சிரிப்பது இரண்டு நொடி கழித்து,
ஸ்டூடியோ கூட்டத்தோடு சேர்ந்து.
‘இன்னும் அவர் ஒன்றுமே சொல்லவில்லையே’ என்று
விரல்களால் கேட்பான்.
சொல்லியாயிற்று, மடையா.
புருவத்தைப் பார்.

பொய்ப்பல்லைத் தேடி மாலுமி வந்த வாரம்
இழுப்பறையில் பதினோரு ஜோடிப் பல்.
நகைக்கடைக்காரர் போல வெல்வெட் விரித்து
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தார்.
அவன் மாட்டிப் பார்க்கையில்
மரியாதையாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்,
உடை மாற்றும் அறைக்கு வெளியே நிற்பவர் மாதிரி.
என் சிப்ஸ் தரையில்.

அவர் மீசையோ உதட்டின் மேல் இறக்கிய ஷட்டர்.
வாய் பார்த்துப் படிக்க வழியில்லை.
ஆகவே வசனத்தை நானே எழுதினேன்,
ஆறு வருஷம், சம்பளமில்லாமல்.
குடைக்காரியிடம் அவர் கேட்டது, என் கணக்கில்:
“அம்மா, நீங்கள் மழையை மறந்தீர்களா,
மழை உங்களை மறந்ததா?”

எண்பத்தாறில் மறு ஒளிபரப்பு.
கிளைவ் தவணையில் புது டிவி வாங்கினான்,
அடியில் எழுத்து ஓடும் ரகம்.
என் முகத்தையே பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்கினான்.

குடைக்காரி வந்தாள். கையை விரித்தாள்.
அவர் உண்மையில் சொன்னது:
“கறுப்பா?”

அவ்வளவுதானா?
கோபம் வந்தது, ஏமாந்த கோபம்.
தேநீர் ஆறும்வரை இருந்தது.
பிறகு பொறி தட்டியது:
இந்தக் கைக்குட்டைத் துணியிலா
அந்த மனிதர் அவ்வளவு பெரிய கூடாரம் அடித்தார்?

ஆனால் எழுத்து அவரை முந்திக்கொண்டு ஓடியது.
புருவம் கிளம்புமுன்னே விடையைக் கொட்டியது,
கல்யாணத்தில் பெண்ணுக்கு முன் மேடையேறும் மாமன்போல.
கூடவே மஞ்சளில் ஓர் உத்தரவு: (சிரிப்பு).
எதற்கு, தெரியாதா எனக்கு?
நிறுத்தச் சொன்னேன்.

கடைசிப் பகுதி.
அலுவலகத்தை மூடுகிறார்கள்.
விளக்கணைத்து, கதவுவரை போய், நிற்கிறார்.
தலையைத் தடவுகிறார். தொப்பி மேசை மேல்.
எடுத்துக்கொண்டு போகலாம் அல்லவா?
மாட்டார்.
திரும்பி வந்து மணியை அடிக்கிறார்.
சுற்றிப்போய் மேசைக்குப் பின்னால் நிற்கிறார்.
காலி இடத்தைப் பார்க்கிறார்.
தொப்பியைப் பார்க்கிறார்.
மறுபடி காலி இடத்தை.

நானும் கிளைவும் ஒரே நொடியில் வெடித்தோம்.
ஒரே நொடியில்!
சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்தேன்:
ஒலிக் குமிழ் பூஜ்யத்தில்.
எப்போது திருகினான், கேட்கவில்லை நான்.

திரையில் ஓல்ட்ராய்ட்
பென்சில் நுனியை நாக்கில் தொட்டு
தன் தொப்பிக்குத் தானே ரசீது எழுதிக்கொண்டிருந்தார்,
நிறம் என்ற கட்டத்தில்
நெடுநேரம் யோசித்து.